காதுக்குள் கிசுகிசுக்கும் பெண்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் தினமும் ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு வீடியோ பார்க்கிறாள். யாரோ ஒரு பெண் கிசுகிசுக்கிறாள், சீப்பை நகத்தால் சுரண்டுகிறாள், துண்டு மடிக்கிறாள். கதையும் இல்லை, பாட்டும் இல்லை. கேட்டால், "ஏஎஸ்எம்ஆர்மா, தூக்கம் வரும்" என்கிறாள். எனக்கோ அந்தச் சத்தம் கேட்டாலே எரிச்சல். இதில் தப்பு ஏதும் உண்டா?
- ஒரு தாய், தங்கச்சிமடம்

பதில்: அம்மா, சின்ன வயதில் உங்களுக்கு யாராவது பேன் பார்த்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? பாட்டி மடியில் தலையைக் கொடுத்துவிட்டால், விரல் முடியைப் பிரிக்கப் பிரிக்க உச்சந்தலையில் ஒரு சிலிர்ப்பு கிளம்பிப் பிடரி வழியாக முதுகுக்கு இறங்கும். கண் தானாகச் சொருகும். உங்கள் மகள் தேடுவது அதைத்தான். 2010இல் ஜெனிஃபர் ஆலன் என்ற அமெரிக்கப் பெண் இதற்கு வாயில் நுழையாத ஒரு நீளப் பெயர் வைத்தார். அதன் சுருக்கம்தான் ஏஎஸ்எம்ஆர்.

சத்தம் பாதிதான். யாரோ ஒருவர் அவசரமே இல்லாமல் நம்மை மட்டும் கவனிக்கிறார் என்ற சுகம் மீதி. அதனால்தான் வீடியோவில் வருபவர்கள் தலை சீவிவிடுவதுபோலவும் கண் பரிசோதிப்பதுபோலவும் நடிக்கிறார்கள். சிலருக்கு மெதுவாக வேலை செய்யும் கைகளைப் பார்த்தாலே போதும். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாளும் உங்கள் தெருவில் வலை பின்னுவார்களே, அதை வாய் பிளந்து பார்த்தபடியே தூங்கிப்போகும் பிள்ளைகளைப் பார்த்ததில்லையா?

நீங்கள் எழுதாமல் விட்ட சந்தேகமும் புரிகிறது. 2015இல் பிரிட்டனின் சுவான்சி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், இந்தச் சிலிர்ப்பை உணரும் 475 பேரிடம் கேட்டார்கள். தூக்கத்துக்காகப் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 82 சதவீதம். பாலுணர்வுக்காக என்றவர்கள் சுமார் 5 சதவீதம்தான். 2018இல் வந்த ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வில், இதை உணர்பவர்களின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 3 அளவில் குறைந்தது தெரிந்தது. எல்லாருக்கும் இது வாய்க்காது. உங்களுக்கு எரிச்சல் வருவதும் கோளாறு இல்லை.

ஹெட்போன் சத்தத்தை மட்டும் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். (நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம் அலறினால் வந்த தூக்கமும் ஓடிவிடும், அது வேறு.) வீடியோ இல்லாமல் தூக்கமே வருவதில்லை, பகலிலும் சோர்ந்து கிடக்கிறாள் என்றால், போனைப் பிடுங்காதீர்கள். மனதில் என்ன ஓடுகிறது என்று கேளுங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

அப்புறம், இன்று ராத்திரி அவளைக் கூப்பிட்டு மடியில் படுக்க வைத்துப் பேன் பாருங்கள். பேன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.