பெஞ்சைத் தட்டும் பையன்

அன்புள்ள ஐயா,

2025 ஜூனில் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பில் 41 பேர். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் விசில். பாடம் வாசிக்கச் சொன்னால் கடைசி பெஞ்சில் ஒருவன் தாளம் போடுவான், மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். வெளியே நிறுத்தினால் சிரித்துக்கொண்டே போகிறான். "முதல் நாளே ரெண்டு போட்டிருக்கணும்" என்கிறார்கள் சக ஆசிரியர்கள். ஞாயிறு மாலையே வயிற்றைப் பிசைகிறது. எனக்கு இந்த வேலை சரிப்படாதோ?

- ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்த ஞாயிறு மாலைகள் எனக்கும் தெரியும். முதல் வருடம் முழுக்க அப்படித்தான் இருந்தேன்.

வாசிக்கச் சொல்லும்போது அவன் தாளம் போடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு வாசிக்க வருமா? உங்கள் பிள்ளைகள் 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது இரண்டாம் வகுப்பு. 2021 நவம்பரில் திறந்தபோது நான்காம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் பழகும் வயதில் பள்ளியே இல்லை. அதில் விட்டதைப் பிடிக்காமலே எட்டு வரை வந்த பிள்ளைகள் உண்டு.

வேலைக்கு வந்த புதிதில் இப்படி ஒரு பையனை நான் அடித்திருக்கிறேன். வகுப்பே பார்க்கத் திக்கித் திணறி வாசிப்பதைவிட அடி வாங்குவது அவனுக்குச் சுலபமாக இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றும் அது உறுத்துகிறது. உங்கள் பையன் சிரித்துக்கொண்டே வெளியே போவதும் அதனால்தானோ என்னவோ. ஒரு நாள் மதிய இடைவேளையில், யாரும் இல்லாதபோது, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் தினமும் பத்து நிமிடம் அவனுக்குக் கொடுங்கள். அவனுக்கு வாசிக்கப் பழகும்வரை வகுப்பில் அவனை வாசிக்க எழுப்பாதீர்கள்.

ரெண்டு போடுவது பற்றி: 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை, மனதைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் அதில் அடங்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சரி, விசில். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் எழுதினார். அமைதியான வகுப்பின் ஆசிரியரும் அமளியான வகுப்பின் ஆசிரியரும் தப்பு நடந்த பிறகு கண்டிக்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டீச்சருக்கு எல்லாம் தெரிகிறது என்று பிள்ளைகள் உணர்வதும், பாடம் இடையில் தொய்ந்துபோகாமல் ஓடுவதும்தான் வித்தியாசம். அதனால் பலகையில் எழுத வேண்டியதை மணி அடிக்கும் முன்பே எழுதிவிடுங்கள், அல்லது ஒரு பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி பெஞ்சுப் பக்கம் நின்று பாடம் நடத்துங்கள். சத்தம் வந்தால் பெயர் சொல்லிக் கத்த வேண்டாம். அருகில் போய், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதில் பேச அவனுக்குக் கூட்டம் இருக்காது. இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. அவன் காலையில் சாப்பிட்டு வருகிறானா என்று கேளுங்கள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது.