டிசம்பர் பனிக்கு இப்போதே அட்வான்ஸ் கட்டலாமா?

கேள்வி: வணக்கம் சார். தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பையன் காலேஜ் மூன்றாம் வருஷம். கூட்டாளிகள் நாலு பேர் சேர்ந்து டிசம்பர் 6-ஆம் தேதி காஷ்மீர் குல்மார்க் போய் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறார்களாம். இங்கே ஒரு டூர் ஏஜென்ட், "இந்த வருஷம் லா நினா, பனி கொட்டப் போகுது, வானிலை மையமே சொல்லிட்டாங்க. இப்ப புக் பண்ணா ஆளுக்கு 32,000, தீபாவளி முடிஞ்சா ஏறிடும்" என்கிறார். பாதிப் பணம் உடனே கட்டணும், எந்தக் காரணத்துக்கும் திரும்பக் கிடைக்காதாம். பனி வருமா சார்? கட்டட்டுமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அந்தத் தேதிக்கு, அந்த நிபந்தனைக்கு வேண்டவே வேண்டாம். பையன் கோபித்துக்கொண்டால் என் பேரைச் சொல்லுங்கள்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை வங்கக்கடலில் இருந்து வருகிறது. காஷ்மீரின் குளிர்காலப் பனி மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வருகிறது. அங்கே உருவாகும் சுழற்சிகள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக நகர்ந்து வந்து இமயமலையில் முட்டி, பனியாகக் கொட்டுகின்றன. செய்தியில் 'மேற்கத்திய இடையூறு' என்று சொல்வது இதைத்தான். எந்த வாரம் எது வரும், எவ்வளவு கொட்டும் என்று இரண்டு மாதம் முன்பே யாராலும் சொல்ல முடியாது. டிசம்பர் 6-ஆம் தேதி கடலுக்குப் போகலாமா என்று இப்போதே காசிமேட்டில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

'வானிலை மையமே சொல்லிட்டாங்க' என்கிறாரே, அதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். இந்திய வானிலை ஆய்வுத்துறை டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கான கணிப்பை வெளியிடுவதே நவம்பர் கடைசியில், இல்லையென்றால் டிசம்பர் தொடக்கத்தில். தீபாவளிக்கு முன்பே அது இவர் கைக்கு எப்படி வந்தது? அந்தக் கணிப்பும் பெரிய பரப்புக்கு, மூன்று மாதத்துக்குச் சேர்த்துச் சொல்வது. குல்மார்க்கில் இன்ன தேதியில் பனி கிடக்குமா என்பதற்கு அதில் பதில் இருக்காது.

லா நினா கதை இன்னும் வேடிக்கை. பசிபிக் கடலின் நடுப்பக்கத் தண்ணீர் வழக்கத்தைவிடக் குளிர்ந்தால் லா நினா, சூடானால் எல் நினோ. லா நினா வருஷங்களில் வட இந்தியாவில் குளிர் கூடுவது உண்டு. ஆனால் மேற்கு இமயமலையில் குளிர்கால மழையும் பனியும் கூடுவது பெரும்பாலும் எல் நினோ வருஷங்களில்தான். ஏஜென்ட் தலைகீழாகச் சொல்கிறார். அதற்காக எல் நினோவையும் நம்பிவிடாதீர்கள். 2023-24 வலுவான எல் நினோ குளிர்காலம். அந்த ஜனவரியில் குல்மார்க் பழுப்புப் புல்லாகக் கிடந்த படங்கள் நாடு முழுக்கச் சுற்றின. பனி வந்து சேர்ந்தது மாதக் கடைசியில். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளையே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அரசாங்கப் போட்டிக்கே அந்த நிலைமை!

உங்களுக்கு ஒரு வீடியோ காட்டியிருப்பார், வெள்ளை வெளேரென்று. அது எந்த உயரத்தில் எடுத்தது என்று கேளுங்கள். குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து பழனி ரோப்கார் மாதிரி, ஆனால் அதைவிட ரொம்பப் பெரிதாக, கொண்டோலா இரண்டு கட்டமாக ஏறும். முதல் கட்டம் கோங்தூரி. இரண்டாவது அஃபர்வத் மலை, 3,900 மீட்டருக்கும் மேலே. நவம்பரிலேயே மேலே பனி படிந்துவிடலாம். ஆனால் அது கைதேர்ந்தவர்கள் சறுக்கும் இடம். பையன் மாதிரி புதிதாகக் கற்பவர்கள் விழுந்து எழும் சரிவு கீழே, ஊர்ப் பக்கம். நவம்பர், டிசம்பர் தொடக்கத்தில் அங்கே விழும் முதல் பனி, தரையில் சூடு இருப்பதால் இரண்டு நாள் வெயிலில் கரைந்துவிடும். ஒரு முழமாவது அமுங்கிக் கிடந்தால்தான் சறுக்க முடியும்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. சில வருஷம் முன்பு இதே மாதிரி டிசம்பர் முதல் வாரம் மணாலி பக்கம் சோலாங் போனேன். நாலு விரல் பனி, நடுநடுவே புல் நீட்டிக்கொண்டிருந்தது. பத்தடி போனதும் பலகைக்கு அடியில் 'கர்ர்' என்று கல் தேய்த்த சத்தம். வாடகைக்குக் கொடுத்தவர் பலகையைத் திருப்பி, கட்டை விரலால் கீறலைத் தடவிப் பார்த்துவிட்டு, டெபாசிட்டில் ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று, நம் ஊர்ப் பக்கத்துச் சிக்கல். டிசம்பர் முதல் வாரம் இங்கே புயல் காலம். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். விமானத்தை ரத்து செய்தால் டிக்கெட் பணம் திரும்பும், ஏஜென்ட்டிடம் கட்டிய பாதிப் பணம் திரும்பாது.

காஷ்மீரில் 'சில்லாய் கலான்' எனும் கடுங்குளிர் 40 நாள் தொடங்குவதே டிசம்பர் 21-இல். ஆகவே பொங்கலை வீட்டில் கும்பிட்டுவிட்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ போகச் சொல்லுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. அதன் சறுக்கு வகுப்புகளும் பெரும்பாலும் ஜனவரிக்குப் பிறகுதான். காலேஜ் லீவு டிசம்பரில்தான் என்றால் மாதக் கடைசி வாரம், அதுவும் தேதி மாற்ற வசதியோடு. கிளம்ப ஐந்தாறு நாள் இருக்கும்போது ஸ்ரீநகர் வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்து நெஞ்சு படபடத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பனி இல்லைன்னா எவ்வளவு திருப்பித் தருவீங்க? வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க." வாயால் 'கேரண்டி' என்பவர் எழுதத் தயங்கினால் அதுவே பதில். எழுதிக் கொடுத்துவிட்டு ஏமாற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யலாம். சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், ஏஜென்ட் ஆபீஸ் ஸ்ரீநகரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் பனியைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லாமல், ரூமும் வண்டியும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் உங்கள் வழக்கு நிற்பது கஷ்டம்.

கேள்வி: குல்மார்க் வேண்டாம், ஆலி போகலாமா? (வியாசர்பாடி வாசகர்)

பதில்: உத்தராகண்ட் ஆலிக்கும் அதே மேற்கத்திய இடையூறுதான், உயரமும் கிட்டத்தட்ட அதேதான். டிசம்பர் தொடக்கத்தில் அங்கேயும் இதே சூதாட்டம். 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் உள்வாங்கியபோது அங்கிருந்து ஆலிக்குப் போகும் ரோப்வேயை நிறுத்தினார்கள். இப்போது ஓடுகிறதா என்று விசாரிக்காமல் 'ரோப்வே உட்பட' பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஜாக்கெட், ஷூ எல்லாம் எம்.சி. ரோட்டிலேயே வாங்கிவிடலாமா சார்? (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: தெர்மல் உள்ளாடை, கம்பளி சாக்ஸ், குல்லாய் தாராளமாக வாங்குங்கள். சறுக்கும் பலகை, பூட்ஸ், ஹெல்மெட் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், இங்கிருந்து தூக்கிப் போக வேண்டாம். பருத்தி பனியனும் ஜீன்ஸும் ஒருமுறை நனைந்தால் அங்கே காயாது. கையுறை மட்டும் தண்ணீர் புகாததாகப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உருண்டு ஓட வேண்டும்.