எது என் துறை? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

உங்கள் பக்கத்தை ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 28 வயது. சூலூர் பக்கம் ஒரு கிராமம். 2019-ல் மெக்கானிக்கல் முடித்தேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன், கொரோனாவில் ஊருக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. அப்பா சொன்னதால் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தேன். குரூப் 4 பரீட்சை 2022, 2024, 2025 மூன்றும் எழுதினேன். நடுவில் உள்ளது கொஞ்சத்தில் போனது.

இப்போது கோயம்புத்தூர் கணபதியில் மாமாவின் ஜாப் ஒர்க் பட்டறையில் இருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஓடுகிற இரண்டு சிஎன்சி லேத், ஒரு விஎம்சி மில்லிங் மெஷின். டிசி (சரக்கோடு போகிற டெலிவரி சலான்) போடுவது, பில் போடுவது, பீஸை அளந்து பார்ப்பது என்று வெட்டி வேலைதான். கொஞ்ச நாள் முன்னால் ஓர் ஆர்டரில் ரிஜெக்‌ஷன் வந்துகொண்டே இருந்தது. மாமா ஆபரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு நோட்டு போட்டு, எந்த பீஸ் எத்தனை மணிக்கு இறங்கியது, போர் (உள்துளை) அளவு என்ன என்று ரெண்டு வாரம் எழுதிவைத்தேன். பார்த்தால், கெட்டுப்போனதெல்லாம் காலையில் மெஷின் போட்டதும் இறங்குகிற முதல் பத்துப் பதினைந்து பீஸ், அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தி மறுபடி போட்ட பிறகு வரும் நாலைந்து. மெஷினைச் சும்மா கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் ஜாப் போடச் சொன்னேன். ரிஜெக்‌ஷன் அநேகமாக நின்றுவிட்டது. இது பெரிய விஷயமில்லை, பேச்சோடு பேச்சாகச் சொல்கிறேன்.

என் பிரச்சினை, எனக்கு எதிலுமே ஆர்வம் இல்லை. காலையில் ஐந்து மணிக்கு எழுவது, தினமும் டைரி எழுதுவது எல்லாம் செய்து பார்த்தேன், நாலு நாள் தாண்டவில்லை. கூடப் படித்தவன் பைதான் படித்து ஐடிக்கு வா என்கிறான். அப்பா இன்னொரு தடவை எழுது என்கிறார். எனக்கான துறை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கிலீஷும் சரியாக வராது. பதில் எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெரிய விஷயமில்லை என்று நீங்கள் ஒதுக்கிவிட்ட பத்தியைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். டைரி நாலு நாள் தாண்டவில்லை என்கிறீர்கள். அதே ஆள், அதே கை, பட்டறை நோட்டில் ரெண்டு வாரம் ஒரு பீஸ் விடாமல் எழுதியிருக்கிறது. யாரும் எழுதச் சொல்லவில்லை, எழுதாவிட்டால் கேட்கவும் ஆளில்லை, மாமாவுக்கு ஆபரேட்டரைத் திட்டினால் போதும் என்றிருந்தது. உங்களுக்கு அது போதவில்லை. ஏன் இந்த பீஸ் மட்டும் கெடுகிறது என்பது தெரியாமல் உங்களால் சும்மா இருக்க முடியவில்லை. ஆர்வம் என்று நீங்கள் தேடுகிற சங்கதி இவ்வளவு சாதாரணமாகத்தான் வரும். மேளதாளத்தோடு வரும் என்று எதிர்பார்த்ததால் அது வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் தெரியவில்லை.

நீங்கள் கண்டுபிடித்தது என்ன என்று உங்களுக்கே முழுதாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ராத்திரி முழுக்க நின்றிருந்த மெஷினைக் காலையில் போட்டால் சுழல்கிற தண்டான ஸ்பிண்டிலும் நகர்த்துகிற திருகான பால் ஸ்க்ரூவும் ஓட ஓடச் சூடேறி நீளும், ஒரு கட்டத்தில்தான் நிலைக்கு வரும். அதுவரை டூல் நிற்கிற இடம் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆஃப்செட்டை, அதாவது டூல் நிற்கிற இடத்தைத் திருத்தும் எண்ணை, நேற்று சாயங்காலம் சூடான மெஷினில் போட்டிருப்பார்கள், இன்று காலை குளிர்ந்த மெஷின் அதே எண்ணை வைத்து வேறு அளவு கொடுக்கிறது. ஆபரேட்டர் மேல் தப்பே இல்லை. 50 மில்லிமீட்டர் போர், டிராயிங்கில் எச்7 என்று டாலரன்ஸ் (அளவு எவ்வளவு விலகலாம் என்கிற வரம்பு) போட்டிருந்தால் உங்களுக்குக் கிடைக்கிற இடமே மொத்தம் 25 மைக்ரான்தான். ஸ்டீல் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 11, 12 மைக்ரான் நீளும். அப்படியென்றால் மெஷினிலிருந்து இறங்கிய சூட்டோடு, பத்து டிகிரி கூடுதலாக இருக்கிற பீஸை அளந்தாலே ஆறு மைக்ரான் பெரிதாகக் காட்டும், கால்வாசி டாலரன்ஸ் அங்கேயே போயிற்று. உலகம் முழுக்க அளவுகளுக்கு 20 டிகிரி செல்சியஸ் என்று ஒரு பொது வெப்பநிலை வைத்திருப்பது இதற்காகத்தான். சித்திரை மாதம் தகரக் கூரைக்கு அடியில் உங்கள் பட்டறையில் என்ன டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் இதை எந்தப் புத்தகமும் பார்க்காமல், ஒரு நோட்டையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு பிடித்திருக்கிறீர்கள். பெரிய கம்பெனிகளில் இதற்கென்று தனி டிபார்ட்மென்ட்டே இருக்கிறது, அதில் இருக்கிறவர்கள் பார்க்கிற வேலை இதுதான்.

உங்கள் ஊர்ப் பக்கம்தான் கலங்கல் கிராமம். ஜி.டி. நாயுடு 1893-ல் அங்கே பிறந்தவர், பள்ளிக்கூடம் பிடிக்காதவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, அதை வாங்கியே ஆக வேண்டும் என்று கோயம்புத்தூர் வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வாங்கின வண்டியைக் கழற்றி மாட்டித்தான் மெக்கானிக் ஆனார். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். மேதை என்று அவரைக் காட்டி உங்களை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் கவனிப்பது வரிசையை. எது என் துறை என்று உட்கார்ந்து யோசித்துவிட்டு அவர் கிளம்பவில்லை. கை முதலில் வேலைக்குப் போயிற்று, ஹோட்டல் வேலை அதற்குச் சோறு போட்டது, துறை என்று நாம் இன்று பெயர் வைத்துச் சொல்கிறதெல்லாம் பின்னால் வந்தது. ரூமுக்குள் உட்கார்ந்து நமக்கு என்ன பிடிக்கும் என்று தேடினால் எதுவும் கிடைக்காது, ஏனென்றால் ஒரு வேலை பிடிப்பதற்கு அதில் கொஞ்சமாவது கை தேற வேண்டும். தேறாத வேலை யாருக்கும் பிடிக்காது. முதல் ஆறு மாதம் எல்லா வேலையும் கசக்கத்தான் செய்யும்.

குரூப் 4 பற்றி. அந்தப் பரீட்சையை நான் குறைத்துப் பேச மாட்டேன், எத்தனையோ குடும்பங்களை அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2024-ல் 6,244 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, பிறகு இடங்களைக் கூட்டினார்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கு மேல். 2025-ல் 3,935 இடங்களுக்கு ஏறத்தாழ 13.9 லட்சம் பேர். பத்தாவது பாஸ் போதும் என்ற பரீட்சை, இன்ஜினியரிங் படித்தவர்களும் எழுதுகிறார்கள், கொஞ்சத்தில் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டம் படித்த பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு இதில் பல பணிகளுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. நல்ல நோக்கத்தில் கொடுத்த சலுகைதான், ஆனால் போதும் நிறுத்து என்று பரீட்சை உங்களிடம் ஒருநாளும் சொல்லாது, அதை நீங்கள்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். முப்பத்தைந்து வயதில் லைப்ரரி மேஜையில் அதே கைடோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. உங்களை நான் அங்கே பார்க்க விரும்பவில்லை. அடுத்த அறிவிப்பு வந்தால் எழுதுங்கள். படித்தது மறந்திருக்காது, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதிரித் தேர்வு என்று போட்டுப் பாருங்கள். அதற்காகப் பட்டறையை விடாதீர்கள்.

பைதான் நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் நண்பனுக்கு அது பிடித்திருக்கிறது என்பதைத் தவிர உங்களுக்கு அதில் வேறு காரணம் இப்போது இல்லை. அந்த நோட்டில் உள்ள அளவுகளை முதலில் எக்செலில் ஏற்றுங்கள். சராசரி எங்கே நிற்கிறது, சிதறல் எவ்வளவு, டாலரன்ஸுக்குள் அது எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். சிபிகே என்று கஸ்டமர் கம்பெனிகளில் கேட்பார்களே, ஆட்டோமொபைல் பக்கம் பெரும்பாலும் 1.33 வேண்டும் என்பார்கள், அது இந்தக் கணக்குதான். மெஷினைச் சூடாக்குவதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது, பின்னால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. நிஜமாகத்தான் சொல்கிறேன். பிறகு எக்செல் போதவில்லை என்று ஒருநாள் தோன்றும், அன்றைக்கு பைதான் திறந்தால் அது ஒரு மாதத்தில் வரும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், ஆறு மாதம் இந்தக் குவாலிட்டி வேலையை மட்டும் முழு மனசோடு பாருங்கள், வேறு எதையும் தேடாதீர்கள். டிராயிங் படிப்பதை முதலிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள். காலேஜில் மார்க்குக்குப் படித்ததைச் சொல்லவில்லை, ஜிடி அண்ட் டி குறியீடுகளை (வடிவமும் இருப்பிடமும் எவ்வளவு விலகலாம் என்று காட்டுபவை) உங்கள் பட்டறைக்கு வருகிற டிராயிங்கை வைத்தே படியுங்கள், பொசிஷன் (இருப்பிடம்) என்றால் எதிலிருந்து, ரன்அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) என்றால் எந்த டேட்டத்துக்கு (அளவெடுக்கும் ஆதாரம்) என்று. ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெலில் மெட்ராலஜி (அளவியல்) பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, சர்டிபிகேட் வேண்டுமென்றால்தான் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டும். கோயம்புத்தூரிலேயே சிடார்க் என்ற சோதனை மையம் இருக்கிறது, அங்கே கருவிகளை கேலிப்ரேட் செய்து, அதாவது சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து, தருவார்கள். மாமா பட்டறையில் இருக்கிற மைக்ரோமீட்டர்களைக் கடைசியாக எப்போது கேலிப்ரேட் செய்தார்கள் என்று கேளுங்கள், பதில் வராது என்று நினைக்கிறேன். அவற்றை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள், அங்கே இருக்கிறவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். டெலிவரி வண்டியில் வாரம் ஒருமுறை கூடப் போய், கஸ்டமரின் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் உங்கள் பீஸை எப்படி அளக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். விரட்டினாலும் மரியாதையாக மறுபடி போங்கள். சிஎம்எம் என்ற நுட்பமான அளவு மெஷின் வைத்திருக்கிற ஒரு ஆளோடு பழக்கமாகிவிட்டால் உங்களுக்கு அது ஒரு வருஷப் படிப்பு. கொடிசியா வளாகத்தில் இன்டெக் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது அளவுக் கருவி வைத்திருக்கிற ஸ்டால்களிலேயே ஒருநாள் முழுக்கச் சுற்றுங்கள்.

இந்த வேலையில் கஷ்டமும் உண்டு, மறைக்கக் கூடாது. குவாலிட்டியில் இருக்கிறவனை புரொடக்‌ஷன்காரனுக்குப் பிடிக்காது, கஸ்டமருக்கும் பிடிக்காது. மாதக் கடைசியில் லோடு ஏற்ற வேண்டிய நேரத்தில் இந்த லாட் போகக் கூடாது என்று சொல்கிற ஆள் நீங்களாக இருப்பீர்கள், சொந்த மாமாவிடமே சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்லப் பயமாக இருந்தால் பரவாயில்லை, சொன்ன பிறகு நிம்மதியாக இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். இருந்தால் இது உங்கள் வேலை. ஆறு மாதம் கழித்தும் அளக்கிற கேஜைக் கையில் எடுக்கவே சலிப்பாக இருந்தால் விட்டுவிடலாம், அப்போதும் கையில் ஒரு தொழில் மிஞ்சும்.

ஐந்து மணிக்கு எழுவதை விட்டுவிடுங்கள். அப்படி எழாமலே நீங்கள் ஒழுங்காக ஒரு காரியம் செய்திருக்கிறீர்கள். உங்களைச் சரிசெய்த பிறகுதான் வேலை அமையும் என்று, ஐந்து மணிக்கு எழச் சொல்கிற வீடியோக்கள் உங்களை நம்பவைத்திருக்கின்றன, நான் பார்த்தவரை பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. பிடிமானமான ஒரு வேலை வந்துவிட்டால் தூக்கமும் சாப்பாடும் ஃபோனும் அதுவாகவே ஓர் ஒழுங்குக்கு வரும். உடம்புக்கு ஏதாவது செய்யுங்கள், சாயங்காலம் அரை மணி நேரம் நடங்கள், அவ்வளவு போதும்.

இங்கிலீஷ் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறீர்கள். உங்களுக்கு இப்போது வேண்டியது மேடைப் பேச்சு இல்லை. ரிஜெக்‌ஷன் வந்தால் கஸ்டமருக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும், என்ன நடந்தது, ஏன் நடந்தது, உடனே என்ன செய்தோம், இனி வராமலிருக்க என்ன செய்திருக்கிறோம் என்று. 8டி ரிப்போர்ட் என்பார்கள். ஒரு நல்ல ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு அதே மாதிரி நாலைந்து எழுதுங்கள். திரும்பத் திரும்ப வருவது இருநூறு முந்நூறு சொல்தான். அந்த மெஷின் சூடு விஷயத்தையே முதல் ரிப்போர்ட்டாக எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

அப்பாவிடம் தத்துவம் பேச வேண்டாம். அரசு வேலை என்று அவர் பிடிவாதமாக இருப்பது உங்கள் மேல் உள்ள பயத்தால், அந்தப் பயம் நியாயமானது, கான்ட்ராக்ட் வேலை உங்களை எப்படி நடுவில் விட்டது என்று பார்த்தவர் அவர். ஒரு சனிக்கிழமை அவரைப் பட்டறைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் மாமாவிடம் உட்கார்ந்து, அந்த ஆர்டரில் மாதம் எத்தனை பீஸ் ஸ்கிராப்புக்குப் போனது, மெட்டீரியலும் மெஷின் நேரமும் சேர்த்து ஒரு பீஸுக்கு எவ்வளவு நஷ்டம், இப்போது எவ்வளவு மிச்சம் என்று ரூபாயில் கணக்கு போடுங்கள். அந்தத் தாளை அப்பாவிடம் மாமாவே காட்டட்டும், நீங்கள் காட்ட வேண்டாம். அதே தாளை வைத்து மாமாவிடம் சம்பளத்தையும் பேசுங்கள். சொந்தக்காரர் என்று கூச்சப்படாதீர்கள், மாதம் இவ்வளவு, இந்தத் தேதியில், வேலை குவாலிட்டி, டிசியும் பில்லும் போட வேறொரு ஆள் என்று தெளிவாகக் கேளுங்கள். சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளலாம், ஆனால் டிசி புக்கை மட்டும் திரும்ப வாங்காதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்