டர்போ மாற்றிய கார் இன்ஜினையும் பாகங்களையும் நல்ல விலைக்கு விற்பது எப்படி?

இன்ஜினை இன்னும் இறக்கவில்லை என்றால் இறக்காதீர்கள். வாங்க வருபவர் அது ஓடும் சத்தத்தைக் கேட்கட்டும், அப்புறம் ஸ்பேனரை எடுக்கலாம். நான் அவசரப்பட்டு இறக்கிவிட்டேன்.

என்னுடையது பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார். 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ பெட்ரோல், கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். கம்பெனி வைத்த கே03 டர்போவை (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுவது) எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய கே04 வைத்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரிதாக, அந்தக் காற்றைக் குளிர்விக்க முன்பக்க இன்டர்கூலர், டர்போவில் இருந்து புகை வெளியேற அகலமான டவுன்பைப் எல்லாம் போட்டு, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இசியுவின் மேப்பையும் (அதில் உள்ள கணக்குகளை) மாற்றி எழுதி ரீமேப் செய்திருந்தேன். நம்ம ஊர் சித்திரை வெயிலில் இன்டர்கூலர் சின்னதாக இருந்தால் உள்ளே போகிற காற்று கொதித்து, இசியுவே பவரைக் குறைத்துவிடும். அதனால் அதை மட்டும் பார்த்துப் பார்த்து வாங்கினேன். கங்கைகொண்டான் பக்கம் நாற்கரச் சாலையில் பின்னால் லாரி மோதி பாடி போனது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தச்சநல்லூரில் ஒரு பட்டறையில் இறக்கித் தார்ப்பாயில் வைத்தேன். நாகர்கோவிலில் இருந்து வந்தவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, இது ஓடுமா?” என்றார். என் வாய்ச்சொல்லைத் தவிர சாட்சி இல்லை. அடுத்தவர் கிலோ கணக்கில் விலை கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி என்று ஸ்டாண்டில் ஏற்றி, ரேடியேட்டரும் வயரிங்கும் இணைத்து ஸ்டார்ட் செய்தால் இரண்டு நொடியில் நின்றுவிட்டது. இம்மொபிலைசர், அதாவது வண்டித் திருட்டைத் தடுக்கும் பூட்டு! இசியு, டாஷ்போர்டு மீட்டர், சாவி மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் தொடர்ந்து ஓடும். பழைய பாடியில் இருந்து மீட்டரைக் கழற்றி வந்து மாட்டிய பிறகுதான் ஓடியது. இந்த மூன்றையும் பிரிக்காமல் இன்ஜினோடு சேர்த்தே கொடுங்கள். இன்ஜெக்டரும் அப்படித்தான், மேப் எழுதியதே அதன் அளவுக்கு. இன்டர்கூலர், பைப் எல்லாம் தனியாகவே போகும்.

சூடான இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்து வீடியோ எடுத்தேன்: 160, 158, 162, 155 பிஎஸ்ஐ. நான்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. டர்போ அச்சைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினேன். அந்தத் துளி ஆட்டம் இயல்பு, பேரிங் ஆயிலில் மிதப்பதால் வருவது. முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் கைக்குத் தெரியக் கூடாது. இந்த வீடியோக்களைப் பார்த்துத்தான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கிளம்பி வந்தார். ஓட வைத்துக் கேட்டார், பேரம் பெரிதாகப் பேசவில்லை.

காகிதத்தில் அசட்டை வேண்டாம். இன்ஜின் நம்பர் ஆர்சியில் இருக்கிறது. இனி ஓட்டவே முடியாத வண்டி என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீசில் தெரிவித்து ஆர்சியை ஒப்படைக்க வேண்டும். வாங்குகிறவர் அதைத் தன் வண்டியில் மாட்டினால் அவர் ஊர் ஆர்டிஓவின் அனுமதி வேண்டும். விற்பனைச் சீட்டில் இன்ஜின் நம்பரை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

லாரியில் அனுப்பும்போது ஆயிலை வடித்து, டர்போ வாயை இறுக்க அடைத்துவிடுங்கள். உள்ளே ஒரு சின்ன நட்டு விழுந்தாலும் முதல் ஸ்டார்ட்டிலேயே இறக்கை சிதைந்துவிடும்.