அம்மாவோடு தகாமட்சுவில் அரை நாள்

ஜப்பானின் தகாமட்சு நகரில், நவோஷிமா தீவுக்குப் படகு ஏறும் முன் அரை நாள்தான் இருக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி, தமமோ பூங்காவா ரிட்சுரின் தோட்டமா என்று கேட்டிருந்தீர்கள். தமமோவுக்கே போங்கள். ரிட்சுரின் அழகில் ஒரு படி மேல்தான், ஆனால் நடை அதிகம்; அதை அவசரமாகப் பார்க்கவும் கூடாது. தமமோ ரயில் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் பக்கத்திலேயே இருக்கிறது.

தமமோ பூங்கா பழைய தகாமட்சு கோட்டை இருந்த இடம். அதன் முதன்மைக் கோபுரத்தை 1884இல் இடித்துவிட்டார்கள். கல் அடித்தளம்தான் மிச்சம். அதன்மேல் போகக் கூரை போட்ட மரப்பாலத்தைத் தாண்டிப் படியேற வேண்டும், அம்மாவுக்கு அது வேண்டாம். அகழியோரம் நிறுத்தி மீனுக்கு இரை போடச் சொல்லுங்கள். அகழியில் இருப்பது கடல்நீர், நீந்துவதும் கடல்மீன்! இரை விழுந்ததும் கூட்டமாக மேலே வரும். அப்புறம், 1917இல் கட்டிய ஹியுன்காகு மாளிகையை ஒட்டிய பைன் மரத் தோட்டத்தை நிதானமாகப் பார்க்கலாம்.