மச்சான்னு கூப்பிட வாய் வரல (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அக்கா,

எனக்கு 24 வயசு, ஊர் தேனிப் பக்கம். அம்மா வேலைக்குப் போனதால 4 மாசக் குழந்தையில இருந்து பத்தாவது முடிக்கிற வரைக்கும் அத்தை வீட்லதான் வளந்தேன். அத்தை மகன் என்னைவிட 4 வயசு மூத்தவர். இப்ப அவருக்கே என்னைக் கட்டிவைக்கப் பேசுறாங்க. முறை இருக்கு, சொத்தும் வெளிய போகாதுங்கிறார் தாத்தா. எனக்கு அவரை மச்சான்னு கூப்பிடவே வாய் வரல, நெனச்சாலே உடம்பு கூசுது. 'அந்தக் காலத்துல எல்லாரும் முறையிலதான் கட்டினோம், படிச்ச திமிர்ல பேசுற'ன்னு திட்டு வேற. எனக்குத்தான் ஏதாவது கோளாறாக்கா?

(பெயர் வேண்டாம்)

தங்கச்சி,

கோளாறு எதுவும் இல்லம்மா, முதல்ல அந்த பயத்த விடு. உனக்கு வர்ற அந்தக் கூச்சத்துக்கு ஒரு பேரே இருக்கு, வெஸ்டர்மார்க் விளைவுன்னு சொல்லுவாங்க. எட்வர்ட் வெஸ்டர்மார்க்னு ஒரு ஃபின்லாந்துக்காரர் 1891லயே எழுதினது, சின்ன வயசுல ஒண்ணா வளந்தவங்களுக்குள்ள பெரியவங்களானதும் அந்த ஆசை வராது, ஒருவித அருவருப்புதான் வரும்னு. அப்புறம் மனசப் பத்தி ஆராஞ்ச ஃப்ராய்டுங்கிறவர் அதுக்கு நேர்மாறா சொல்லி அதுவே பிரபலமானதால இவர் பேச்ச ரொம்ப வருஷம் பெருசா யாரும் எடுத்துக்கல.

காரணம் இதுதான், கூடப்பிறந்தவங்களுக்குள்ள குழந்தை பிறந்தா நோயோட பிறக்குற வாய்ப்பு ரொம்ப அதிகம், ஆனா யார் கூடப்பிறந்தவங்கன்னு ஜீனைத் திறந்து பாக்க உடம்புக்கு வழியில்ல, அதனால பரிணாமம் ஒரு குத்துமதிப்பான கணக்கு வச்சிருக்கு, தொட்டில் காலத்துல இருந்து கூடவே கிடந்தா அது உடன்பிறப்பு, அவ்வளவுதான். அது அத்தை மகனா அண்ணனான்னு அந்தக் கணக்குக்குத் தெரியாது.

தைவான்ல முன்னாடி சிம்புவான்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. கைக்குழந்தையாவே ஒரு பொண்ண எடுத்துட்டு வந்து, வருங்கால மாப்பிள்ளையோடவே வளத்து, வயசு வந்ததும் கட்டிவைப்பாங்க, செலவும் கம்மி, மருமகளும் சொன்ன பேச்சு கேப்பான்னு. ஆர்தர் உல்ஃப்ங்கிற மானுடவியலாளர் ஜப்பான்காரங்க ஆட்சிக்காலத்து குடும்பப் பதிவேடுகள ஆயிரக்கணக்குல புரட்டிப் பாத்தார். பெரியவளானப்புறம் கட்டிட்டு வந்த மருமகள்களோட ஒப்பிட்டா இவங்களுக்குக் குழந்தைங்க கம்மி, விவாகரத்து அதிகம், அதுவும் 3 வயசுக்குள்ள வந்த பொண்ணுங்களுக்கு இன்னும் மோசம். அந்தப் பொண்ணுங்க யாரும் படிச்ச திமிர்ல பேசினவங்க இல்ல தங்கச்சி. குடும்பம், ஊர், வழக்கம் எல்லாம் சேர்ந்து தள்ளியும் உடம்பு ஒத்துக்கல.

இஸ்ரேல்ல கிப்புட்ஸ்னு கூட்டு வாழ்க்கை ஊர்கள் இருக்கு, அங்க அப்ப குழந்தைங்கள எல்லாம் பொது இல்லத்துல ஒண்ணா வளப்பாங்க. அவங்களுக்குள்ள கட்டிக்கக்கூடாதுன்னு எந்தத் தடையும் இல்ல. ஜோசப் ஷெஃபர்ங்கிற ஆய்வாளர் அங்க வளந்தவங்களோட 2,769 கல்யாணங்களப் பாத்தார், ஒரே குழுவுல வளந்தவங்க ஜோடி சேர்ந்தது வெறும் 14, அந்த 14லயும் முதல் 6 வயசு முழுசா ஒண்ணா இருந்தவங்க ஒருத்தர்கூட இல்ல.

இப்ப தாத்தா சொல்ற முறைக்கு வருவோம். பெரியப்பா பொண்ணு தங்கச்சி, மாமன் பொண்ணு கட்டிக்கிற முறை, இது நம்ம கணக்கு. ரத்தத்துல பாத்தா ரெண்டு பேருமே எட்டுல ஒரு பங்கு சொந்தம்தான், ஒரு வித்தியாசமும் கிடையாது. அரபு நாடுகள்ல பாரு, சித்தப்பா பொண்ணுதான் முதல் உரிமை. அதனால முறைங்கிறது நிலம், சீர், யார் வீட்டோட யார் உறவுங்கிறத வச்சு மனுஷங்க போட்ட கோடு. தப்புன்னு சொல்லல, ஒரு பொண்ணு முன்பின் தெரியாத வீட்டுக்குப் போகாம அத்தை வீட்டுக்கே போறது அந்தக் காலத்துல பெரிய பாதுகாப்பு. ஆனா தாத்தா காலத்துல மாமன் மக பெரும்பாலும் வேற ஊர்ல இருப்பா, திருவிழாவுக்கும் கல்யாணம் காட்சிக்கும்தான் பாத்துக்குவாங்க, அந்தத் தூரம் இருந்ததாலதான் ஆசையும் வந்துச்சு. நீ அதே வீட்ல அதே தட்டுல சாப்பிட்டு வளந்தவ. முறை ஒண்ணுதான், வளந்த விதம் வேற. தாத்தாகிட்ட இத இப்படியே சொல்லு.

குழந்தைக்கு நோய் வருமேன்னு மட்டும் வாதாடாத. பொதுவா நூத்துக்கு 3 குழந்தைக்கு பிறவிக்குறை வரும்னா அத்தை, மாமன் மக்களுக்குள்ள கட்டினா சுமார் 6, அது நிஜம்தான், ஆனா 'நூத்துக்கு 94 நல்லாத்தானே இருக்கு'ன்னு தாத்தா ஒரே வார்த்தையில முடிச்சிடுவார். உனக்குப் பிடிக்கலங்கிறதே போதுமான காரணம், அதுல நில்லு.

இன்னொண்ணு. தன் அம்மா ஒரு கைக்குழந்தைய மடியில வச்சு வளக்கிறதப் பாத்த மூத்த பிள்ளைக்கு இந்த உணர்வு இன்னும் அழுத்தமா பதியும்னு 2007ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது. உன்னை அவங்கம்மா தூக்கி வளத்தப்ப அவருக்கு 4 வயசு. உன் கடிதத்துல தாத்தா இருக்கார், திட்டினவங்க இருக்காங்க, அவர் என்ன நெனக்கிறார்னு ஒரு வரிகூட இல்ல. இந்த வாரமே அவருக்கு ஒரு போன் போட்டுக் கேளு தங்கச்சி, அப்புறம் ரெண்டு பேருமா அத்தைகிட்ட போய் உக்காருங்க.