ஸ்பூல் டேப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் வாங்கிய பழைய ஸ்பூல் டெக்கை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுகிறோம். இரண்டரைக் கட்டை நாகஸ்வரப் பதிவு இழுவையாக, சுருதி இறங்கிக் கேட்கிறது. பெல்ட் மாற்றியும் பயனில்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெல்ட்டில் குறையில்லை. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 120 ஆக்கும். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை (நொடிக்கு 50 அலைவு) அமெரிக்காவின் 60 ஆக்காது. பழைய டெக்குகள் பலவற்றில் கேப்ஸ்டனை (டேப்பை இழுக்கும் தண்டு) சுற்றும் மோட்டாரின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60-க்குச் செய்தது இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். இரண்டரைக் கட்டை, ஒரு கட்டைக்கும் சற்றுக் கீழே போய்விடும்.

சோதித்துப் பாருங்கள். வெற்று டேப்பின் முதுகுப் பக்கம் மெழுகுப் பென்சிலால் 571.5 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். நொடிக்கு ஏழரை இஞ்ச் வேகத்தில் இரண்டு கோடும் ஹெட்டை (டேப்பிலிருந்து ஒலியைப் படிக்கும் பாகம்) கடக்க 30 நொடி ஆக வேண்டும். 36 ஆனால் ஹெர்ட்ஸ்தான் காரணம்.

சில மாடல்களுக்கு 50 ஹெர்ட்ஸுக்கென்று சற்றுப் பருமனான மோட்டார் புல்லி உண்டு. அதைப் போடும்போது சர்வீஸ் மேனுவல் சொல்லும் மோட்டார் கெப்பாசிட்டரையும் மாற்றுங்கள். விட்டால் மோட்டார் சூடேறும். புல்லி கிடைக்காவிட்டால், கேட்கிறபடியே கம்ப்யூட்டரில் பதிந்து வேகத்தை 1.2 மடங்காக்கலாம். வேகமும் சுருதியும் சேர்ந்து ஏறும் முறையையே தேர்ந்தெடுங்கள். ஆனாலும் வித்வான் ஊதிய சுருதியிலேயே டெக்கில் கேட்பதற்காகப் புல்லி தேடி அலையலாம், தகும். ரெவாக்ஸ் ஏ77 டெக்கில் கேப்ஸ்டன் வேகத்தை எலக்ட்ரானிக் சர்க்யூட் பார்த்துக்கொள்வதால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: டேப் ஓடும்போது கிறீச்சிடுகிறது. ஹெட்டில் பழுப்புப் பிசின் ஒட்டுகிறது.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: உடனே நிறுத்துங்கள். டேப்பின் காந்தப் பூச்சான ஆக்சைடைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்திருக்கிறது. ஆம்பெக்ஸ் 406, 456 டேப் வகைகளில் இது சகஜம். நம் டெல்டாவின் ஈரக்காற்று இதற்கு நல்லதல்ல. சுமார் 54 டிகிரி செல்சியஸ் நிலையான வெப்பத்தில் 8 மணி நேரம் உலர்த்தி, அதே அளவு நேரம் ஆறவிட்டு, சில வாரங்களுக்குள் டிஜிட்டலுக்கு மாற்றிவிடுங்கள். சமையல் அவனும் மைக்ரோவேவும் கூடாது. உலர்த்துமுன் ஸ்பூலை வெளிச்சத்தில் பிடியுங்கள்: சுற்றின் ஊடே வெளிச்சம் தெரிந்தால் அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டேப். அதை ஒருபோதும் சூடாக்காதீர்கள், பாழாகிவிடும்.

கேள்வி: ஹெட்டையும் பிஞ்ச் ரோலரையும் எதனால் துடைப்பது?
– வாசகர், திருவாரூர்

பதில்: ஹெட்டுக்கும் கேப்ஸ்டனுக்கும் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி. டேப்பைக் கேப்ஸ்டனோடு அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரை ஆல்கஹால் நாளடைவில் இறுக்கிவிடும்; அதற்கு லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். நன்றாகக் காய்ந்த பிறகே டேப்பை மாட்டுங்கள்.